இஸ்திரி அக்கா மேனேஜரான நாள்

சலவைக்கடை இஸ்திரி அக்காவுக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. கணவன் போன பிறகு மகளை வளர்த்ததே அந்த இரண்டும்தான்.

குறைந்தபட்சக் கூலியை அரசு உயர்த்திவிட்டதாக ஒருநாள் டிவியில் சொன்னார்கள். பணம் கைக்கு வருமுன்பே விலைவாசிக்குக் காது கேட்டுவிட்டது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "உங்களுக்குச் சம்பளம் ஏறிடுச்சாமே!" என்று வாழ்த்தி, வாடகையை ஏற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா கடைக்குப் போய்ச் சம்பளப் பேச்சை எடுத்தாள். முதலாளி சிரித்தார்.

"அந்த ஆணை தொழிலாளிங்களுக்குத்தான்மா. நீங்க இன்னிலேர்ந்து மேனேஜர்! உங்களுக்கு அது பொருந்தாது."

துணி துவைக்கும் தம்பியையும் உதவி மேனேஜர் ஆக்கியிருந்தார். கடையில் வேலை செய்தவர்களே அந்த இரண்டு பேர்தான்.

"மேனேஜருக்கு என்னங்க வேலை?"

"எல்லாத்தையும் பார்த்துக்கணும்."

"சரிங்க."

அக்கா மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். தம்பியும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான். துணி மலையாகக் குவிந்தது.

"என்னம்மா, எல்லாம் அப்படியே கெடக்கு?" என்று முதலாளி பதறினார்.

"நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். தேய்க்க ஆளே இல்லீங்க. ஒருத்தரைப் போட்டுடலாமா? புது ஆணைப்படி சம்பளம்னு சொல்லிடறேன்."

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இஸ்திரிப்பெட்டியைத் தானே எடுத்தார். அக்காவுக்குப் பயம்தான். வேலை போய்விட்டால்? ஆனாலும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வாத்தியார் ஒருவர், தேய்க்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்க வந்தார். சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது.

"யாருங்க இங்க மேனேஜர்?"

"நான்தாங்க," என்று எழுந்த அக்கா, முதலாளி பக்கம் திரும்பினாள். "தம்பி, பார்த்துத் தேய்க்கக் கூடாதா? நல்ல சட்டையைப் பாழாக்கிட்டியே!" பிறகு வாத்தியாரிடம் தணிந்த குரலில், "புது ஆளுங்க. போகப் போகப் பழகிடுவாரு."

துவைக்கும் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். முதலாளிக்கு முதலில் முகம் சிவந்தது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டைக்குப் பணம் கொடுத்து வாத்தியாரை அனுப்பிவிட்டுக் கும்பிடு போட்டார்.

"போதும் தாயே! நீ தொழிலாளியாவே இரு. ரெண்டு பேருக்கும் ஆணைப்படி சம்பளம் தர்றேன்."

"இந்த மாசத்திலேர்ந்துதானே?"

"இந்த மாசத்திலேர்ந்துதான்!"

ஏறிய சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகை விழுங்கிவிட்டது. மிச்சத்தில் மகளுக்குச் செருப்பு வாங்க அவளையும் அழைத்துக்கொண்டு போனாள். கடைக்காரர், "எல்லாம் விலை ஏறிப்போச்சுக்கா" என்று ஆரம்பித்தார். அட்டைப்பெட்டி இல்லாமல் கொடுத்தால் எவ்வளவு என்று மல்லுக்கட்டிக் குறைத்து, புதுச் செருப்பை அங்கேயே மாட்டிவிட்டு, மகளை நடத்திக் கூட்டிவந்தாள்.