அவரவர் துணி

தொண்ணூறுகளின் பின்பாதியில், பாளையங்கோட்டையில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்குப் பக்கத்தில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் நாலைந்து வாஷிங் மெஷின்களை வாங்கிப் போட்டுக் கடை திறந்தார். நம் துணியை நாமே போட வேண்டும், முடிந்ததும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கக் காசா என்று விடுதிப் பெண்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கு அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பிடித்தது. களக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஊராருக்குத் துணி வெளுக்கிற ஒரே குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வாய்க்காலில் இறங்கி, அடுத்தவர் அழுக்கை அடித்துத் துவைத்தவள் நான். அரசாங்க வேலை கிடைத்த பிறகு, ஞாயிறுதோறும் அந்தக் கடை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கண்ணாடிக்குள் என் சேலை சுற்றுவதைப் பார்ப்பேன். யார் எந்தத் தெரு என்று மெஷினுக்குத் தெரியாது. அதில் எனக்கு ஒரு திமிரே இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் வயலும் தோப்பும் உள்ள ஒருவர் பெரிய பையோடு உள்ளே வந்தார். அவரை மொதலாளி என்று கூப்பிடும் அப்பா அப்போதும் அவர் வீட்டுக்கு வெளுத்துக்கொண்டுதான் இருந்தார். மனைவிக்கு ஆபரேஷன், ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கூட இருப்பதில் துணியெல்லாம் சேர்ந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார்.

"ஏட்டி, நீ இங்கனதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. இதையும் போட்டு எடுத்து வையி. உன் துணியோட சேத்துராத."

பையை என் காலடியில் வைத்துவிட்டுக் கிளம்பவே போனார். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்ன படித்தாய், எங்கே வேலை என்று பேச்சுக்குக்கூட அவர் கேட்கவில்லை.

"இங்க அவங்கவங்க துணியை அவங்கவங்கதான் போடுதாங்க. நீங்களே போட்டுக்கிடுங்க," என்றேன்.

என்ன சொல்கிறேன் என்று விளங்காதவர்போல நின்றார். அதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், தெரிந்த மனுசருக்கு ஒரு உதவிதானே, போட்டுவிட்டால் கையா தேய்ந்துவிடும் என்றார். காத்திருந்த இரண்டு பெண்கள் கல்நெஞ்சுக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு இரக்கப்பட்டவர்கள் ஒருவரும் எழுந்து அந்தப் பையைத் தொடவில்லை. கடைசியில் அவரே அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். விடுதிக்குத் திரும்பும்போது ஜெயித்துவிட்ட நினைப்பில்தான் நடந்தேன்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். சோறு போட்டுக்கொண்டே, மொதலாளியைப் பார்த்தாயாமே என்று அப்பா கேட்டார். நடந்ததைச் சொன்னால் பெருமைப்படுவார் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஆஸ்பத்திரித் துணியெல்லாம் கொண்டாந்து தந்தாரு. உங்கிட்டக் குடுக்கச் சொல்லி உம் மவதான் சொல்லிவிட்டான்னாரு. எனக்கு அன்னைக்கு மேலுக்குச் சரியில்ல, எந்திரிக்கவே முடியல. ஆனா நீ சொல்லிவிட்டதாச்சே தாயி. அப்பமே வாய்க்காலுக்குக் கொண்டு போயிட்டேன்."