ஞாயிற்றுக்கிழமைக்காரர்

திருப்புளியின் முனையை ஹார்டு டிஸ்க்கின் முதுகில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்களை மூடிக்கொள்கிறார். நான்கு டிஸ்க்கும் சுழல்வது கேட்ட பிறகுதான் கம்ப்யூட்டரை நிறுத்துகிறார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. இனிமே ஏதாவது ஆச்சுன்னா அது நான் பண்ணினது."

குழந்தைகளுக்கான எங்கள் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு, ஆளில்லாத நாளில்தான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வருவார். அதனால் எங்களுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைக்காரர். வரவேற்பில் இருக்கும் என்னிடம்தான் சாவி. கதவைத் திறந்துவிட்டு, முடிக்கும்வரை காத்திருப்பேன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கையோடு ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டுவருவார். பத்து நாற்காலி காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். "அடுத்தவங்க நாற்காலிம்மா. உயரத்த மாத்திட்டேன்னா நாளைக்கு அவங்களுக்கு முதுகு வலிக்கும்." அந்த நாற்காலிகளின் சொந்தக்காரர்கள் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. ஆனாலும் விசாரிப்பார். "ஜன்னலோர மேசைக்காரங்க புதுக் கண்ணாடி போட்டுட்டாங்களா? ஸ்கிரீன்ல எழுத்தைச் சின்னதாக்கியிருக்காங்களே."

"வீட்ல தேட மாட்டாங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அவ இருந்தவரைக்கும் ஞாயித்துக்கிழமை வேலை எடுத்ததே இல்லம்மா." கேபிள்களில் ஒட்டுவதற்குக் காகித டேப்பில் எண் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றை இரண்டு முறை எழுதிவிட்டார்.

போன வாரம் வந்தது ஒரு சின்ன வேலைக்கு. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே கால்மணி நேரம் ஆகிறது என்று நிலையத்தை நடத்தும் மேடம் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி., வேகமான டிஸ்க், வாங்கியிருந்தார். இனி அதிலிருந்து கிளம்பட்டும், பழைய நான்கு டிஸ்க்கும் எப்போதும்போல ஒரே கிடங்காகச் சேர்ந்து பதிவுகளைச் சுமக்கட்டும் என்பது ஏற்பாடு. ஒன்பது வருடமாக இங்கே பேசப் பழகிய பிள்ளைகளின் குரல்கள் எல்லாம் அதில்தான்.

எஸ்.எஸ்.டி.யைச் செருகினார். கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. கிடங்கைக் காணோம். நான்கில் இரண்டு டிஸ்க்குகளே தெரிந்தன. அவையும் புதியவை போலிருக்கின்றன, தயார் செய்யட்டுமா என்று திரை கேட்டது.

மேடத்தைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொல்லி, அவரிடம் கொடுத்தேன். "தயார் பண்ணணுமாமே, ஆமான்னு அழுத்திடுங்களேன் சார்!"

"அழுத்தினா தயாராயிடும்மா. துடைச்ச சிலேட்டு மாதிரி தயாராயிடும். வேற காப்பி எங்க வச்சிருக்கீங்க?"

"அதுவும் அதுக்குள்ளதான்..."

அவர் போனை என்னிடம் கொடுத்தார். கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தி, எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். நான்கும் வந்தன. செருகினார், இரண்டு போயின. கம்ப்யூட்டர் வந்த பழைய பெட்டியின் அடியில் கிடந்த கையேட்டை எடுத்து, மூக்கருகே வைத்துப் பொடி எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"அட, இவ்வளவுதானா! புதுசு உக்கார்ற இடத்துக்கும் கேபிள் செருகற இந்த ரெண்டு வாய்க்கும் ஒரே பாதை. அது உள்ள வந்தா இதுங்க ரெண்டும் வாய மூடிக்கும். டிஸ்க்கு மேல தப்பே இல்ல, பாவம்."

காலியாக இருந்த வேறு இரண்டு வாய்களுக்குக் கேபிள்களை மாற்றினார். கிடங்கு முழுசாக வந்து நின்றது. போனில் மேடம் அழுதார். "அழாதீங்கம்மா. முதல்ல வெளியில ஒரு காப்பி எடுத்து வைங்க," என்றார்.

வருடத்துக்கு ஒரு பதிவாகத் திறந்து சோதித்தார். மூன்று வினாடி கேட்பார், மூடுவார். கடைசியாகத் திறந்த முதல் வருடப் பதிவில் மேடத்தின் பழைய குரல், "சாப்பிட்டியா கண்ணு?" என்று ஒரு குழந்தையைக் கேட்டது. பதில் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சொல் வெளியே வர அவ்வளவு நேரம் ஆகும். மூன்று வினாடி கடந்தும் அவர் அதை மூடவில்லை.

"சொல்லு, சாப்பிட்டியா?" என்றது குரல் மறுபடியும்.

ஸ்பீக்கரைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையசைத்தார்.