டிஷ் வழியாகப் பெண் பார்த்தது

ஞாயிறு மாலை நான்கு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கறுப்புக் குடையுடன் மொட்டைமாடிக்கு ஏறிய வீட்டுக்கார மாமா. தொண்ணூறுகளின் பின்பாதி. மயிலாப்பூரில் அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் நான் குடியிருந்தேன்.

மாடிக் கூடத்தில் பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவின் பெண் சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். ஐந்து மணிக்கு அங்கிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியில் அவள் ஆடப்போகிறாள். "போட்டோல எல்லாருமே நன்னாத்தான் இருப்பா. பொண்ணு நடக்கறதைப் பாக்கணும்" என்று பிள்ளையின் அம்மா சொன்னதால் இந்த ஏற்பாடு. ராகுகாலமாயிற்றே என்று பிள்ளையின் அப்பா இழுத்தபோது, "சிங்கப்பூர்ல மணி ஏழு. அங்கே ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுடுத்து" என்று மாமா அவர் வாயை அடைத்துவிட்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மழை வலுத்தது. டிவி படத்தில் முதலில் புள்ளிகள், பிறகு வெறும் வெள்ளை. எங்கள் பத்திரிகை அலுவலகத்து டிஷ்ஷும் கனமழையில் இப்படித்தான் படுத்துவிடும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் சௌகரியமாக வந்த அலை, கடைசி நாலைந்து கிலோமீட்டரில் மழையிடம் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துளியும் கொஞ்சம் விழுங்கும், கொஞ்சம் சிதறடிக்கும். மொட்டைமாடியில் டிஷ் அருகே நின்ற மாமாவிடம் இதைச் சொன்னேன்.

"அதெல்லாம் இல்லை, டிஷ் நனையறது" என்று அவர் அதற்குக் குடை பிடித்தார். நின்றது டிஷ்ஷுக்கு நேர் முன்னால். மழைக்குத் தப்பி வந்த மிச்ச அலையை அவர் தடுத்தார்.

நான் படித் திருப்பத்தில் நின்று தகவல் கடத்தினேன்.

"படம் வரதா?" என்றார் மாமா.

"வருதான்னு கேக்குறார், மாமி."

"இருந்த புள்ளியும் போயிடுத்து! அந்த மனுஷரை நகரச் சொல்லுங்கோ!"

"உங்களை நகரச் சொல்றாங்க, மாமா."

"நகர்ந்தா நனைஞ்சுடும் ஓய்!"

காற்று தீர்த்துவைத்தது. குடை பறந்தது, மாமா அதன் பின்னால் ஓடினார். உடனே கூடத்தில் ஒரே ஆரவாரம். இறங்கிப் பார்த்தேன். புள்ளிகளுக்கு நடுவே பட்டுப்புடவையில் ஓர் உருவம்.

"இவதான் எங்க பொண்ணு!" என்றாள் மாமி.

பிள்ளையின் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "நிக்கறதே ஒரு லட்சணம். மூக்குதான் சரியாத் தெரியலை."

"மூக்கு அவ அப்பாவோடது. இப்போ இறங்கி வருவார், பாத்துக்கோங்கோ."

மழை விட்டதும் படம் பளிச்சென்று வந்தது. நடனம் முடிந்திருந்தது. அதே பட்டுப்புடவைக்காரி கையில் மைக்குடன் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, இது எங்க பொண்ணு இல்லையே!" என்றாள் மாமி. பிள்ளையின் அப்பா இன்னொரு பஜ்ஜி எடுத்தார்.

கம்பி மட்டும் மிஞ்சிய குடையுடன் மாமா வாசலில் வந்து நின்றார். மூக்கு நுனியிலிருந்து நீர் சொட்டியது. பிள்ளையின் அம்மா அவரை நிதானமாகப் பார்த்தாள், பக்கவாட்டிலும் ஒரு முறை.

தை மாதம் கல்யாணம் நடந்தது.