வெளியே நிற்கச் சொன்னவர்

ஒரு மனிதர் அழுதபடி சொன்னதை வெளியே சொல்லிச் சிரித்தவன் நான். குடியை விட நினைத்த நாங்கள் ஆறேழு பேர் லாலாகுடாவில் ஒரு சர்ச்சின் பின்னறையில் கூட ஆரம்பித்திருந்த புதிது. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் சட்டம்.

அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தடித்த கழுத்து, பாதி கருகிய புருவம். குடியை விட்டு மாதங்கள் ஆகியும், அறைக்குள் நுழையுமுன் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பார். அம்மா செத்த அன்று, பாடை தூக்க வந்தவர்களுக்காக வாங்கிய பிராந்தியைத் தானே குடித்து வாந்தியில் புரண்டு கிடந்ததால், கொள்ளி வைக்கப் போகவில்லை என்று ஒருநாள் சொன்னார்.

அதே ஒர்க்‌ஷாப்பில் அதிகாரியாக இருந்த நான், மறுநாள் மதியச் சாப்பாட்டில் அதை நடித்தே காட்டினேன். சாயங்காலம் கேட்டருகே ஒருவன் அவரிடம், "என்ன அண்ணே, எழுந்தாச்சா? எல்லாரும் சுடுகாட்டிலேர்ந்து வந்துட்டாங்க" என்றான். அவர், பின்னால் வந்துகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றும் நினைத்தால் என் வாயே எனக்கு நாறுகிறது.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். இனி வரமாட்டேன் என்றேன்.

"அதெல்லாம் நக்கோ சார், வேணாம்," என்றார். "வராட்டி நீங்க திரும்பக் குடிப்பீங்க. வாங்க. நான் பேசுறப்ப மட்டும் வெளியே போயிடுங்க."

அப்படியே செய்தேன். வாராவாரம் அவர் முறை வந்ததும் எழுந்து, குரல் கேட்காத தூரத்துக்குப் போய் நிற்பேன். முடிந்ததும் அவரே வந்து கூப்பிடுவார். நான் பேசும்போது அவர் ஒருநாளும் எழுந்து போனதில்லை.