காலி நாற்காலிக்கு வந்த பதில்கள்

அம்மாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, மருந்துக்கடையில் இருந்த குழந்தைத் தராசைத் துடைத்துச் சரிபார்த்தது. மகள் எடைக்கல்லை வைத்தாள். முள் இம்மி பிசகாமல் நின்றது. "உன் படிப்பால எனக்குக் கிடைச்ச ஒரே லாபம்டி இது," என்றாள் அம்மா. மறுநாள் காலை கடையைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

தெருவில் அவளுக்குக் கிலோ அம்மா என்று பெயர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யார் வந்தாலும், பாட்டிலை எடுக்கும் முன் கேள்வி வரும். எத்தனை கிலோ? கடைசியா எப்ப குடுத்தீங்க? யார் குடுத்தது? சளிக்குத் தனியா ஏதாவது?

"காய்ச்சல் மருந்து கேட்டு வந்தேனா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேனா?" என்று தையற்காரர் ஒருமுறை எகிறினார்.

"ஸ்டேஷன்ல பொய் சொன்னா அடியோட போகும். இங்க சொன்னா பிள்ளையோட ஈரல் போகும். கிலோவைச் சொல்லுங்க."

பாராசிட்டமால் சாதுவான மருந்து, ஆனால் அளவு தாண்டினால் சாது மிரண்ட கதைதான் என்பது அவள் கட்சி.

மகளும் மருந்தாளுநர்தான். மருந்துத் தொழிற்சாலையில் வீரியம் சோதிக்கும் வேலை. விடுப்பெடுத்துக்கொண்டு கடையைத் திறந்தாள். அந்த நாற்காலியில் உட்கார மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் நின்றே வியாபாரம் பார்த்தாள்.

அப்போதுதான் அது தொடங்கியது. வந்தவர்கள், அவள் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொன்னார்கள். "ஒன்பது கிலோம்மா." சற்று மௌனம். "காலையில ஒரு தடவை. நான்தான் குடுத்தேன்." கண் அவள் மேல் இல்லை, நாற்காலியின் மேல் இருந்தது. பழக்கதோஷம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். தெருவுக்குப் புதுக் குடித்தனம். அம்மாவைப் பார்த்ததே இல்லை. "பையனுக்குக் காய்ச்சல் மருந்து தீர்ந்துடுச்சு," என்றவர், நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"பதினோரு கிலோ இருப்பான்."

காத்திருந்தார்.

"விடிகாலையில நான் குடுத்தேன். அப்புறம் என் வீட்டுக்காரி. அது தெரியாம மாமியாரும்... ஆமா, சளி மருந்தும்தான்."

மின்சாரம் போய் விசிறி நின்றிருந்தது. கடையில் அவர் குரல் மட்டும். மகளுக்குப் பிடரி சில்லிட்டது.

"ஸ்பூன்லதான்," என்று முடித்தார்.

"நான் எதுவுமே கேக்கலையேண்ணே."

"கேட்டீங்களே. எதால அளந்தீங்கன்னு."

சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்துவைத்த காலி பாட்டிலைப் பார்த்ததும் அவள் பயம் திசை மாறியது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. சாதாரண சிரப்பைவிட நான்கு மடங்கு வீரியம். அந்த எடைக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை மில்லி போதும். ஸ்பூனில் ஐந்து மில்லி பிடிக்கும். அவர் சொன்ன சளி மருந்திலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும்.

"பிள்ளையைத் தூக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த பாட்டிலையும் சளி மருந்தையும் டாக்டர்கிட்ட காட்டுங்க."

"பையன் விளையாடிட்டுத்தான் இருக்கான் தங்கச்சி."

"முதல் நாள் விளையாடத்தான் செய்வாங்க. ஈரல் கெடுறது அப்புறம்தான் வெளிய தெரியும். சீக்கிரம் போனா முறிக்கிற மருந்து இருக்கு. ஓடுங்கண்ணே!"

ஓடினார். அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஓட்டுநர் கடைக்குப் போன் செய்தார். ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாம். முறிக்கிற மருந்து ஏறிக்கொண்டிருக்கிறதாம். நேரத்தோடு வந்தீர்கள் என்றாராம் டாக்டர். அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, "அந்த பாட்டில் எங்க வாங்கினீங்கண்ணே?" என்று கேட்டாள்.

"வாங்கல. மாடி வீட்டு அக்கா அவசரத்துல குடுத்தாங்க. இப்பதான் சொல்றாங்க. சொட்டுக்குழாய் உடைஞ்சுபோச்சு, அளவு தெரியாம யாருக்கும் குடுக்காதீங்க, நாளைக்குக் கடையைச் சாத்திட்டுப் போறப்ப நானே வந்து வாங்கிட்டுப் புதுசு தரேன்னு உங்கம்மா இறக்குறதுக்கு முந்தின நாள் அக்காகிட்ட சொல்லியிருந்தாங்களாம்."

"அப்புறம்?"

"மறுநாள் விஷயம் தெரியாம அக்கா வாசல்லயே பாத்துட்டு இருந்திருக்காங்க. வரலையாம்."