தாலாட்டுக்கு ஒரு சாப்ட்வேர்

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நகைக்கோ சேலைக்கோ வந்ததில்லை. பாட்டுப் பதிவு செய்கிற சாப்ட்வேருக்காக வந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை மெஷின் சம்மட்டியால் அடித்து வண்டி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். ஆரம்பாக்கத்தில் எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் அவர்தான் முன்னால் நிற்பார். மகள் பிறந்தபோது அவளைத் தூங்க வைக்க அவரே ஒரு தாலாட்டு கட்டினார். அதை வீட்டுக்கு வெளியே பாடியதில்லை. அந்த மகளைப் பொன்னேரிப் பக்கம் ஆரணியில் கட்டிக் கொடுத்தோம். பிள்ளை உண்டானதும் அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நைனா, அந்தப் பாட்ட பாடி அனுப்பு. கொயந்த பொறந்தா நான் போட்டுக் காட்டணும்."

போனில் பாடி அனுப்பியிருந்தால் அன்று சாயங்காலமே வேலை முடிந்திருக்கும். எங்கள் ஆளுக்கு அது ஆகாது. பேரப்பிள்ளை கேட்கப் போகிற பாட்டு, ஒரு பிசிறு இருக்கக் கூடாது என்றார். மகள் விட்டுப்போன லேப்டாப்பைத் தூசி தட்டினார். மைக் வாங்கினார். எதிரொலி வராதாம் என்று பிரியாணிக் கடையில் முட்டை அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து படுக்கையறைச் சுவரெல்லாம் ஒட்டினார். எதிரொலி போனதோ இல்லையோ, கரப்பான்பூச்சி வந்தது.

முதலில் போட்ட சாப்ட்வேர் எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், கீழே சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற ஒரு கோடு. அழுத்தினால் பதியும், மறுபடி அழுத்தினால் நிற்கும். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பாடி, கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சவுண்டு மூடிக்கினு கீதும்மே. போர்வைக்குள்ள பாடன மாரி."

அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் வேறொன்று. கடைசியாக வந்ததைத் திறந்தால் திரை முழுக்கக் குமிழும் கோடும்தான். அதைப் பழகுவதற்காக ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்காமல்கூட வீடியோ பார்ப்பார். எந்தக் குமிழைத் திருகினாலும் திருப்தி இல்லை. பாட்டு மங்கலாகவே இருக்கிறது என்று கீச்சென்ற மேல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எனக்கு அதைக் கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி பல் கூசும். சொன்னால், "உனுக்கு இன்னா தெரியும்" என்பார். நானும் விட மாட்டேன். "அந்த செவப்பு பட்டனே போதும். பாட்டு உங்க தொண்டையில கீது, டப்பாவுல இல்ல" என்பேன்.

பாடும்போது வேறு சத்தம் விழக் கூடாது. ஃபேன் கிடையாது. ரயில் போனால் நிறுத்துவார், லாரி போனால் நிறுத்துவார், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவார். முழுசாக ஒரு தடவைகூட முடித்ததில்லை. பக்கத்து வீட்டு குக்கர் விசில் வேறு விழுந்துவிடுமோ என்று ஒரு பயம். ஞாயிற்றுக்கிழமை கறியைக் கொஞ்சம் தாமதமாக வேக வையுங்கள் என்று அந்த வீட்டு அக்காவிடம் நான் போய் நின்றேன். மானமே போனது.

ஒருவழியாகக் கொஞ்சம் திருப்தி வந்து, முதல் நாலு வரியை மகளுக்கு அனுப்பினார். அவள் என்னைப் போனில் தனியாகக் கூப்பிட்டாள். "மா, காது கிழியுது. நைனாவுக்கு அது தெரியலியா?"

அதற்குப் பிறகு ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. எங்கள் வீட்டு பெல் குருவி மாதிரி கத்தும். கத்திக் கத்தி ஓய்ந்தது. அவசரமாக வெளியே வந்தால், பெல்லுக்கு நேர் கீழே அவர் உட்கார்ந்திருக்கிறார். காதில் ஹெட்போன்கூட இல்லை. காஸ்காரர் போயே விட்டார். "பெல்லா? யாரும் வரலியே" என்றார்.

கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். போட்டுக்கொண்டால் பக்கத்தில் நிற்பவன் கத்துவது கேட்காது, மெஷினில் கை போய்விடும் என்று அங்கே யாரும் போடுவதில்லை. எல்லார் கழுத்திலும் சும்மா தொங்கும். இவர் கழுத்திலும் அத்தனை வருஷம் தொங்கியது.

திருவள்ளூரில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். முதலில் அழுத்தினார், அழுத்தினார். அப்புறம் அழுத்தவில்லை. வெளியே பரிசோதனை செய்கிற பெண் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்தாள். உள்ளே இவர் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, மரியாதையாக, காத்துக்கொண்டே இருந்தார்.

கனமான சத்தம் கேட்கிறது, மெல்லிசான கூர்மையான சத்தமெல்லாம் போய்விட்டது, போனது திரும்பாது என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது அவர், "அப்ப சாப்ட்வேர் மேல தப்பு இல்ல" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்த சிவப்புப் பொத்தானை மட்டும் திரும்பப் போட்டார். சண்டையில் நான் ஜெயித்தேன். அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேண்டவே வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொத்தானை நான் அழுத்தினேன். அவர் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். ரயில் இல்லை, லாரி இல்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அதே குரல். இரண்டாம் அடி பாடும்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர்கள் வீட்டுக்கு அன்றைக்கு விருந்தாளி. திரையில் கோடு எகிறியது. நிறுத்துவார் என்று நான் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவர் நிறுத்தவில்லை. மூடிய கண் மூடியபடி, குரலில் ஒரு அசைவும் இல்லாமல் பாடிக்கொண்டே போனார். நான் கையை எடுத்துக்கொண்டேன். இன்னொரு விசிலும் அடித்தது. பாட்டு முதன்முதலாக முழுசாக முடிந்தது.

ஹெட்போன் மாட்டிக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் வருகிற இடம் வந்தது, போனது. கழற்றி வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பு.

"பாத்தியாம்மே. வெளிச் சத்தம் ஒண்ணுகூட உழல."

"ஆமாங்க" என்றேன். "ஒண்ணுமே உழல."