மனுவின் நான்காவது பத்தி

எங்கள் ஆபீஸ் தாம்பரத்தில், கோர்ட்டுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மூன்று வக்கீல்கள். ஐம்பதைத் தாண்டிய சீனியர் அம்மா, அடுத்து நான், எனக்குப் பிறகு சேர்ந்த ஒரு ஜூனியர் பெண். மனைத் தகராறு, பாகப்பிரிவினை, விவாகரத்து. இதற்கு மேல் பெரிதாக எதையும் யாரும் எங்களிடம் கொண்டுவருவதில்லை. நாங்கள் ஜெயித்த கேஸ் எதுவும் பேப்பரில் வந்ததில்லை. தோற்றதும் வரவில்லை என்பதால் எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை.

ஆனால் பொதுச்சேவை என்று வந்துவிட்டால் எங்களைப் பிடிக்க முடியாது. கோடையில் மோர்ப்பந்தல் போடுவோம். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போய், எல்லாக் குழந்தைகளும் நன்றாகப் பேசினார்கள் என்று பொய் சொல்லுவோம். சுற்றுவட்டாரத்தில் மூன்று காலனி நலச்சங்கங்களுக்கு நாங்கள்தான் கௌரவ சட்ட ஆலோசகர்கள். கௌரவம் என்றால் இலவசம். சங்க அறிவிப்புப் பலகையில் எங்கள் பெயர், பம்ப் ஆபரேட்டர் பெயருக்கு ஒரு வரி மேலே இருக்கும்.

இதெல்லாம் போக, ஞாயிற்றுக்கிழமை இலவச சட்ட ஆலோசனை. சீனியர் போகிற சர்ச்சின் ஹாலில், காலை ஆராதனை முடிந்து நாற்காலிகளைத் திருப்பிப் போட்டதும் நாங்கள் உட்காருவோம். பென்ஷன் தகராறு உள்ள ரிட்டயர்ட் டீச்சர்கள், புருஷன் அடிக்கிறான் என்று சொல்ல வந்து வேறு எதையோ பேசிவிட்டுப் போகிற பெண்கள், ஹவுஸ் ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டு பொத்தேரியிலிருந்து ரயிலேறி வருகிற காலேஜ் மாணவர்கள் என்று கூட்டம் இருக்கும். எனக்கு ஜனங்கள்மேல் தனிப்பட்ட பாசம் எதுவும் கிடையாது. வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள் என்பதற்காகத்தான் முதலில் போக ஆரம்பித்தேன். பிறகு அது பழகிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆபீசுக்கு வருகிற ஒவ்வொரு கேசுக்கும் எங்களிடம் ஒரு நம்பர் உண்டு. ரிஜிஸ்டரில் கட்சிக்காரர் பெயரும் எதிர்த்தரப்பின் பெயரும் ஏறும். புது கேஸ் எடுக்கும் முன் அந்த ரிஜிஸ்டரைப் புரட்டி, எதிர்த்தரப்பு ஏற்கெனவே நம் ஆளாக இருக்கிறாரா என்று பார்ப்போம். ஒரே விவகாரத்தில் இரண்டு பக்கமும் நிற்கக் கூடாது என்பது தொழிலின் பால பாடம். ஆனால் இலவசமாகச் செய்வதற்கு நம்பர் கிடையாது. சர்ச் ஹாலில் எழுதிக் கொடுக்கிற மனுவோ, காலனி சங்கத்துக்கு எழுதித் தருகிற புகாரோ ரிஜிஸ்டரில் ஏறாது. தர்மத்துக்குச் செய்வதற்கு எதற்குப் பதிவு என்று சீனியர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ரொம்பப் பெருந்தன்மையான ஏற்பாடு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சங்கங்களில் ஒன்றின் செக்ரட்டரி மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஐந்து குறைகளை வரிசையாக அனுப்பி, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டுவிடச் சொன்னார். தெருவிளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை, மழைநீர்க் கால்வாய் அடைப்பு என்று போனது பட்டியல். நான்காவதாக, பூங்கா கேட் பக்கம் கடை போடுவதால் காலையில் கார் நிறுத்த இடமில்லை என்று ஒரு வரி. கோர்ட்டில் என் கேஸ் கூப்பிடக் காத்திருந்த நேரத்தில் அதை மனுவாக்கினேன்.

அந்த நான்காவது பத்தி நன்றாக அமைந்துவிட்டது. ‘சில அடையாளம் தெரியாத நபர்கள் பூங்கா நுழைவாயிலில் பொதுப்பாதையை ஆக்கிரமித்து, நடைப்பயிற்சிக்கு வரும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இடையூறு விளைவித்து, உரிய அனுமதியின்றி வியாபாரம் செய்து வருகின்றனர்.’ செக்ரட்டரி கேட்டது கார் நிறுத்த இடம். முதியோரையும் குழந்தைகளையும் நானாகச் சேர்த்தேன். அது கைப்பழக்கம். கட்சிக்காரர் தும்மினால் ஜுரம் என்று எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். அந்தப் பூங்காவை நான் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் லெட்டர்ஹெட்டில், சங்கத்தின் சார்பாக என்று போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினேன். தெருவிளக்கு இன்றுவரை எரியவில்லை. நாய்களும் அங்கேயேதான் இருக்கின்றன.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, சர்ச் ஹாலில் என் மேஜைக்கு ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைக் கடைப் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்துப் பிரித்து, சுருக்கம் போகத் தேய்த்து என் முன்னால் வைத்தார். தண்ணி டேங்க் பக்கத்தில் தள்ளுவண்டியில் ஆப்பமும் வடகறியும் விற்கிறாராம். வாக்கிங் வருகிறவர்கள்தான் வாடிக்கை. ஆறு மணிக்குப் போட்டால் எட்டரைக்குள் பாத்திரம் காலி. நடுவில் ஒருமுறை குரோம்பேட்டை மார்க்கெட் பக்கம் போய் முயற்சி செய்தாராம். அங்கே ஆப்பத்துக்கு நின்று சாப்பிட யாருக்கும் நேரமில்லை. இந்த இடம் போனால் தனக்கு வேறு இடம் கிடையாது என்றார். அழவில்லை, கெஞ்சவில்லை. ரேஷன் கடையில் விவரம் சொல்வதுபோல் சொன்னார்.

“இன்னா சார் எழுதிகீது இதுல? ஏழு நாள்ல எடுத்துடணும்னு கார்ப்பரேஷன் ஆளு சொல்லிட்டுப் போய்ட்டாரு. நான் யாருக்கு இன்னா பண்ணேன்?”

பொதுமக்களிடமிருந்து வந்த புகாரின்பேரில் என்று மட்டும் அதில் இருந்தது. புகார் கொடுத்தது யார் என்று இல்லை. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை அகற்றக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நல்ல பாயின்ட். எனக்கு உற்சாகமாகிவிட்டது. யாரோ வேலையற்றவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். மறுநாளே பதில் மனுவைத் தட்டச்சு செய்யவைத்து, வாழ்வாதாரம், அரசியல் சட்டம் என்று இரண்டு பக்கம் முழங்கி, கையெழுத்திட்டு அனுப்பினேன். அதே லெட்டர்ஹெட்தான்.

இரண்டு நாள் கழித்து வேறு வேலையாக மண்டல அலுவலகம் போனபோது, அங்கிருந்த அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். ஒரு ஃபைலைத் திறந்து இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் சங்கத்தின் புகார். வலது பக்கம் அந்த அம்மாவின் பதில். இரண்டிலும் எங்கள் ஆபீஸ் பெயர், இரண்டிலும் என் கையெழுத்து. புகாரின் நான்காவது பத்தியில் யாரோ பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

“சார், உங்களுக்குள்ளயே பேசி முடிச்சிட்டு வாங்களேன்” என்றார் அவர். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

பூங்கா கேட்டும் தண்ணி டேங்க்கும் ஒரே இடம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். திரும்பும்போது வண்டியைக் காலனி வழியாக விட்டேன். கேட்டுக்கு நேரே டேங்க். அதன் நிழலில் ஒரு தள்ளுவண்டி, அடுப்பு அணைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றது. யாருக்கும் இடையூறாக இல்லை. ஒரு கார் நிற்கிற இடத்தில் பாதியை அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆபீசில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சீனியர் இரண்டு தாள்களையும் படித்தார். பிறகு, இரண்டு பக்கத்திலிருந்தும் விலகிவிடுவதுதான் முறை, வேறு வழி கிடையாது என்றார். காரணம் விவரிக்காமல் சங்கத்துக்கு ஒரு கடிதம், அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம். அந்த அம்மாவை குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அனுப்பலாம். சட்டப்படி சீனியர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.

ஜூனியர் மட்டும் தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், சங்கத்துக்காரங்க எல்லாரும் ரிட்டயர்ட் ஆபீசர்ஸ். நாம இல்லன்னா அவங்களே எழுதிப்பாங்க. புகார் ஏற்கெனவே போயிருச்சு, அது நிக்கும். அந்த அம்மாவோட பதில்தான் பேச ஆளில்லாம விழும். ரெண்டு பக்கமும் விலகுறோம்னா ஒரு பக்கத்துக்குத்தானே நஷ்டம்?”

சீனியர் விலகல் கடிதம் எழுத லெட்டர்ஹெட்டை எடுத்தார். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் விலகிக்கொண்டால் என் கை சுத்தமாகிவிடும் என்பதும் தெரியும். அன்று எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இதை எழுதுகிறபோதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மாவை ஆபீசுக்கு வரவழைத்து நானே சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்வது என்று முடிவு செய்திருந்தும், சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அந்தப் புகாரைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அடையாளம் தெரியாதவளா நானு?” என்றார். “அந்த செக்ரட்டரி ஐயா வூட்டுக்கு டெய்லி நாலு ஆப்பம் பார்சல் போவுது சார். வடகறி தனியா கட்டணும், அவுங்களுக்கு ஆகாது, காரம் கம்மியா.”

குரோம்பேட்டை வக்கீலின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. பிறகு ஜூனியர் விசாரித்தபோது, அந்த வக்கீலை எனக்குத் தெரியாதே என்று அந்த அம்மா சொன்னாராம். எங்கள் விலகல் கடிதம் ஃபைலில் சேர்ந்தது. கெடு முடிந்து இரண்டாம் நாள் மாநகராட்சி ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டேங்க் நிழலில் இப்போது ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்குக் காலனியில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். நாங்கள் விலகியது அந்த ஒரு விவகாரத்திலிருந்து மட்டும்தானே, கௌரவம் அப்படியேதான் இருந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, டிபன் என்று ஹோட்டலிலிருந்து வந்த ஆறிப்போன பொங்கலை நீட்டினார்கள். செக்ரட்டரி தட்டைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். முன்பெல்லாம் கேட்டிலேயே ஒரு அம்மா சுடச்சுட ஆப்பம் போட்டுக்கொண்டிருந்தாள், கொஞ்ச நாளாக ஆளையே காணோம் என்றார்.

உங்கள் புகாரின்பேரில்தான் சார் அவர் வண்டியை எடுத்தார்கள் என்றேன். அவர் உண்மையிலேயே திடுக்கிட்டுப் போனார். அது நடிப்பில்லை. தான் பொதுவாகச் சொன்னதாகவும், அந்த அம்மாவைச் சொல்லவில்லை என்றும் இரண்டு முறை சொன்னார். அப்படியானால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சங்கத்திலிருந்து ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். விலகியபின் இந்த விவகாரத்தில் நான் வாயைத் திறக்கவே கூடாது. தெரிந்துதான் திறந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பொதுக்குழுவில் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றார். பொதுக்குழு இன்னும் கூடவில்லை.

இப்போது இலவசத்துக்கும் ரிஜிஸ்டர் வைத்திருக்கிறோம். நீல அட்டை போட்ட நோட்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களின் பெயர், இடம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுவரை ஜூனியர் எழுதுகிறாள். சங்கங்களின் புகார்களும் அதில் ஏறுகின்றன. அடையாளம் தெரியாத நபர்கள் என்று நான் எழுதினால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் சார் என்கிறாள். சீனியர் கண்டும் காணாததுபோல் இருக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா ஹாலுக்கு வந்தார். கூடவே பூக்கூடையோடு இன்னொரு பெண். இப்போது வண்டலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாராம், முகூர்த்தம் இருந்தால்தான் வேலை. எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். பூக்காரப் பெண்ணின் கையிலிருந்து ஒரு நோட்டீசை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

“இவளுக்கு ஒரு பேப்பர் வந்துகீது சார். மொதல்ல, இது நீங்க எழுதி வந்ததான்னு பார்த்துச் சொல்லுங்க. அப்பறம் இவ பேசுவா.”

குரலில் கோபமில்லை. பால் கெட்டிருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறவரைப்போல, வழக்கமாகக் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கிற குரல். நான் ஜூனியரிடமிருந்து நீல நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசிப் பக்கம்வரை பார்த்து முடித்தபிறகுதான், இல்லையம்மா, இது நான் எழுதியதில்லை என்று என்னால் சொல்ல முடிந்தது. அதன்பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.